உள்ளூராட்சிக் கேள்விமுறையும் ஊவாத் தோட்டக் குடியிருப்புகளும்

1. முன்னுரை

நாட்டின் அரசியலை ஆராய்வோர் பாராளுமன்றத்தையே பெரிதும் நோக்குவர். எனினும், மக்களின் அன்றாட வாழ்வை நேரே தொடும் முடிவுகள் பல உள்ளூராட்சி மன்றங்களின் சிறிய மண்டபங்களிலேயே எடுக்கப்படுகின்றன. பழுதடைந்த உழவு இயந்திரத்தைத் திருத்துவதா விற்பதா, எந்த வீதிக்கு முதலிற் கல் பரவுவது, வடிகான் கட்டும் வேலையை எந்த ஒப்பந்தகாரரிடம் ஒப்படைப்பது என்பன வெளித்தோற்றத்திற் சிறிய விடயங்களே. ஆயினும், பொதுப்பணம் எவ்வழியாகச் சென்று யாரை அடைகின்றது என்பதை இவை காட்டுமளவுக்கு வேறெவையும் காட்டா.

இக்கட்டுரை பதுளை நகரையும் அதனைச் சூழ்ந்த ஊவாத் தோட்டப் பகுதிகளையும் எடுத்துக்கொண்டு இரண்டு வினாக்களை ஆராய்கின்றது. ஒரு சபை தன் மிகைப் பொருள்களைக் கழிப்பதும் பொதுவேலைகளுக்குக் கேள்வி கோருவதும் எம்முறையில் என்பது முதலாவது வினா. அம்முறையின் பயன் தோட்டக் குடியிருப்புகளை எந்த அளவுக்கு அடைந்துள்ளது என்பது இரண்டாவது. முதலாவதைத் தெளிவாக அறியாதவிடத்து இரண்டாவதற்கு விடை காணல் அரிது என்பது எமது கருத்து. இலங்கையில் ‘கேள்வி’ என வழங்குவதும் தமிழகத்தில் ‘ஒப்பந்தப்புள்ளி’ என வழங்குவதும் ஒன்றே என்பதை ஈண்டு குறித்துக்கொள்ளல் தகும்.

2. சபைகளும் அவற்றின் வருவாயும்

1886 இல் தனி மாகாணமாக்கப்பட்ட ஊவா இன்று பதுளை, மொனராகலை என்னும் இரு மாவட்டங்களைக் கொண்டது. பதுளை மாவட்டத்தில் பதுளை, பண்டாரவளை ஆகிய இரு மாநகர சபைகளும், அப்புத்தளை நகர சபையும், 15 பிரதேச சபைகளும் உள்ளன. மாநகர சபைகள் 1947 இன் 29ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தினாலும், நகர சபைகள் 1939 இன் 61ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தினாலும், பிரதேச சபைகள் 1987 இன் 15ஆம் இலக்கச் சட்டத்தினாலும் ஆளப்படுகின்றன. ஒரே மலைத்தொடரில் அருகருகே அமைந்த இரு குடியிருப்புகள் இரு வேறு சட்டங்களின் கீழ் வாழ்வது இதன் விளைவாகும்.

இவ்வேறுபாடு தோட்ட மக்களைப் பொறுத்தவரை முதன்மை வாய்ந்தது. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மாவட்ட மக்கள் ஏறத்தாழ 815,000 பேர். அவர்களுள் இந்திய வமிசாவளித் தமிழர் ஐந்தில் ஒரு பங்கிற்குச் சற்றுக் குறைந்தோர். அவர்களுட் பெரும்பாலோர் தோட்டங்களிலும் தோட்டங்களை அண்டிய சிறு பட்டினங்களிலும் வாழ்கின்றனர். 1924 இற் புகையிரதப் பாதை வந்து முடிந்த பதுளை நகரம் தோட்டங்களின் வாணிபத்தால் வளர்ந்தது. சம்பள நாளில் நகரத்துக் கடைத்தெருவை நிறைப்போரும், ஆசுபத்திரிக்கும் பாடசாலைக்கும் நாள்தோறும் வருவோரும் தோட்ட மக்களே. எனினும் மாநகர எல்லை குறுகியது. பசறை, ஹாலிஎல, தெமோதரை, நமுனுகுலை முதலிய பகுதிகளின் தோட்டங்கள் பிரதேச சபைகளின் ஆட்சிக்குட்பட்டவை.

சபைகளின் வருவாய் பலவகைப்படும். கட்டட ஆதனங்களுக்குச் சோலைவரி, வியாபாரங்களுக்கு அனுமதிக் கட்டணம், சந்தைக் குத்தகை, மாகாண சபை வழியாக வரும் முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப்பணமும், அரசின் நன்கொடை என்பன அவற்றுட் சில. நிலையான பயிர்ச்செய்கைக்குட்பட்ட நிலங்களின்மீது ஏக்கர் வரி விதிக்கவும் பிரதேச சபைச் சட்டம் இடந்தருகின்றது. இவ்வரியை வாசகர் மனத்திற் கொள்வாராக. தேயிலை நிலம் சபையின் வருவாய்க் கணக்கில் இடம்பெற்றது. அந்நிலத்தில் வாழ்ந்தோர் அதன் செலவுக் கணக்கில் எவ்வாறு இடம்பெற்றனர் என்பதைப் பின்னர் காண்போம்.

3. மிகைப் பொருள்களைக் கழித்தல்

ஒரு சபையின் வேலைத்தலத்துக்குட் சென்று நோக்கின் அதன் நிருவாகத் திறன் ஓரளவு புலப்படும். ஓடும் நிலையிலுள்ள குப்பை உழவு இயந்திரம் ஒருபுறம். சில்லிழந்த பவுசர், துருவேறிய வீதி உருளை, உதிரிப்பாகங்கள் கழற்றப்பட்ட பெக்கோ இயந்திரம் என்பன மறுபுறம். இவ்வாறு கிடக்கும் பொருள்கள் இடத்தை அடைப்பதோடு ஆண்டுதோறும் பெறுமதியையும் இழக்கின்றன. ஆயினும் எந்த அலுவலரும் உறுப்பினரும் தம் விருப்பப்படி அவற்றை விற்றுவிட இயலாது. அதற்கென வகுக்கப்பட்ட ஒழுங்கு உண்டு.

ஆண்டு முடிவில் பொருட் கணக்கெடுப்புச் சபை ஒன்று நியமிக்கப்படுகின்றது. பொருள்களைத் தம் பொறுப்பில் வைத்திருப்போர் அதன் உறுப்பினராதல் ஆகாது என்பது அடிப்படை நெறி. பொருட் பதிவேட்டில் எழுதப்பட்டவற்றையும் கண்ணெதிரே உள்ளவற்றையும் அக்குழு ஒப்பிட்டுக் குறைவையும் மிகையையும் குறிக்கின்றது. பயன்படுபவை, திருத்திப் பயன்படுத்தத்தக்கவை, பயன்படாதவை என வகுத்து, திருத்தல், வேறிடத்துக்கு மாற்றல், விற்றல், அழித்தல் ஆகியவற்றுள் ஒன்றைப் பரிந்துரைக்கின்றது. விற்பதாயின் முதலில் தகுதியுடையோர் பெறுமதியை மதிப்பிடல் வேண்டும். பின்னர் பகிரங்க அறிவித்தல் விடுத்து ஏலத்திலோ முத்திரையிடப்பட்ட கேள்வி மூலமாகவோ விற்று, பணத்தைச் சபை நிதியிற் சேர்த்தல் வேண்டும்.

இவ்வொழுங்கில் மூன்று இடங்களிற் சிக்கல் எழுவது வழக்கம். முதலாவது உரிமை. ஓர் அமைச்சோ மாகாண நிறுவனமோ பயன்பாட்டுக்கெனக் கொடுத்த வாகனம் சபையின் பெயரிற் பதிவாகியிராவிடின் அதனைச் சபை விற்க முடியாது. பதிவை மாற்றும் கடிதப் போக்குவரத்து ஆண்டுக்கணக்கில் நீளுதலும் உண்டு. இரண்டாவது மதிப்பீடு. திருத்தத்தக்க இயந்திரத்தைப் ‘பயன்படாதது’ என வகுத்தால் அது பழைய இரும்பின் விலைக்குப் போகும். வாங்கியவர் சிறிது செலவிட்டு அதனையே நாள் வாடகைக்கு விடலாம். அந்த வாடகையைச் சபையே கொடுக்க நேரிடுதலும் கூடும். மூன்றாவது காலம். முடிவு பிந்தும் ஒவ்வோர் ஆண்டிலும் ஒரு மாரி இயந்திரத்தின்மீது பெய்து தீர்கின்றது.

மாற்றல் என்னும் வழி பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. ஒரு நகரச் சபைக்கு மிகையாகிவிட்ட சிறிய உருளை, செங்குத்தான குறுகிய பாதைகளையுடைய அயற் பிரதேச சபைக்கு மிக ஏற்றதாதல் கூடும். ஆகவே, ‘இது எமக்கு வேண்டுமா’ என்று கேட்குமுன் ‘இது இன்னும் யாருக்குப் பயன்படும்’ என்று கேட்டல் நன்று. இக்கேள்வியை எழுப்பவல்ல உறுப்பினர் ஒருவர் சபையில் இருப்பின், ஏலத்தில் வரும் சிறுதொகையினும் மிகுந்த பயன் கிட்டும்.

4. பொதுவேலைக்குக் கேள்வி கோரல்

பொதுவேலையொன்று மேசையிலிருந்து மலைச்சரிவை அடைவதற்குப் பல படிகளைக் கடத்தல் வேண்டும். முதலிற் பாதீட்டில் இடம், அடுத்துத் தொழில்நுட்ப அலுவலரின் அளவீடும் மதிப்பீடும், பின்னர் கேள்வி அறிவித்தல், குறித்த நாளிற் குறித்த நேரத்திற் கேள்விகளைத் திறத்தல், மதிப்பிடல், தெரிவு, ஒப்பந்தம், மேற்பார்வை, அளந்து பணம் கொடுத்தல், ஈற்றிற் குறைபாட்டுப் பொறுப்புக் காலம். இவ்வொழுங்குகள் நீண்டகாலம் 2006 ஆம் ஆண்டின் பெறுகை வழிகாட்டிகளைத் தழுவி நடைபெற்றன. 2015 இல் அரசியலமைப்பின் 19ஆந் திருத்தத்தால் ஏற்படுத்தப்பட்ட தேசிய பெறுகை ஆணைக்குழு 2020 இல் 20ஆந் திருத்தத்தால் நீக்கப்பட்டு, 2022 இல் 21ஆந் திருத்தத்தால் மீண்டது. அது வெளியிட்ட புதிய வழிகாட்டிகள் 2025 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன. ஒப்பந்தகாரரின் தரத்தை வகுத்துப் பதியும் பொறுப்பு, 2014 இன் 33ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த நிருமாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபைக்கு உரியது.

மிகக் குறைந்த விலை கூறியவருக்கே வேலை கொடுக்கப்படும் என்பது பொதுவான எண்ணம். இது முழுமையான விளக்கமன்று. கேள்விப்பத்திரத்தின் நிபந்தனைகளுக்குக் கணிசமாக இணங்கியவற்றுள், மதிப்பீடு செய்யப்பட்டபின் மிகக் குறைவாக அமைவதே தெரியப்படும். விளக்கத்தின் பொருட்டு ஓர் உருவகக் கணக்கைக் கொள்வோம். தோட்டப் பாதையொன்றுக்குக் கொங்கிறீற்று இடவும் வடிகான் அமைக்கவும் 40 இலட்சம் ரூபா என மதிப்பிடப்பட்டிருக்கின்றது. முதலாமவர் 38.5 இலட்சமும், இரண்டாமவர் 36.2 இலட்சமும், மூன்றாமவர் 27 இலட்சமும் கூறுகின்றனர். இரண்டாமவரின் பெருக்கலிற் பிழை இருக்கின்றது. அலகு விலையை அளவாற் பெருக்கித் திருத்தினால் அவரது தொகை 39.1 இலட்சமாகின்றது. மூன்றாமவரின் தொகை ஐயத்துக்கிடமான அளவு தாழ்ந்துள்ளது. மலிவு என்னும் காரணத்துக்காக மட்டும் அதனைத் தள்ளலாகாது. விலை எவ்வாறு அமைந்ததென அவரிடம் விளக்கம் கேட்டல் வேண்டும். கருங்கல் அகழ்வுக்கும் வடிகானுக்கும் அவர் ஏறத்தாழ ஒன்றுமே குறியாதிருப்பின், வேலை பாதியில் நின்றுவிடும் அல்லது வடிகான் பெயரளவினதாகும் என்பதை மதிப்பீட்டுக் குழு ஊகித்தல் வேண்டும். விளக்கம் ஏற்புடையதாயின் அவருக்கே வேலை; அன்றாயின் திருத்திய கணக்கின்படி முதலாமவருக்கு. முதற்பார்வையில் இரண்டாமிடத்தைப் பெற்றிருந்தவர் ஈற்றில் மூன்றாமிடத்துக்குப் போனதை நோக்குக. கேள்வி திறக்கப்பட்ட நாளில் வாசிக்கப்பட்ட தொகைகளை மட்டும் கேட்டுத் திரும்பியோர் இம்முடிவை அநீதி என எண்ணுதல் இயல்பே. காரணங்களை எழுதி வைத்தலும் கேட்டோருக்குக் காட்டலும் இதனாலேயே இன்றியமையாதனவாகின்றன. 2016 இன் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இதற்கு வழிசெய்துள்ளது. தமிழகத்திலும் 1998 இல் ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மையை வலியுறுத்தும் சட்டம் இயற்றப்பட்டமை இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

கேள்விகளை மதிப்பிடல் பெரும்பாலும் அலுவலர் குழுக்களின் பணி. தெரிவு செய்யப்பட்ட உறுப்பினரின் பங்கு அதற்கு முன்னும் பின்னும் உள்ளது. எந்த வேலை பாதீட்டில் இடம்பெறும் என்பது முன்னது. முடிந்த வேலை அளவின்படி முடிந்ததா, கணக்காய்வாளர் தலைமை அதிபதியின் ஐயவினாக்களுக்கு என்ன விடை என்பன பின்னவை. சபையோடு ஒப்பந்தத்தில் நலனுடைய ஒருவர் உறுப்பினராயிருத்தலைச் சட்டம் தடுப்பதும் இப்பங்கைத் தூய்மையாகக் காத்தற்பொருட்டே.

இவ்வெண்ணம் தமிழருக்குப் புதியதன்று. முதலாம் பராந்தக சோழனின் காலத்தைச் சார்ந்த 919, 921 ஆம் ஆண்டுகளின் உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதோரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் மீண்டும் வாரியத்துக்குத் தகுதியற்றோர் என அவை விதித்தன. இதனைப் போற்றுவோர் அதே கல்வெட்டின் மற்றொரு விதியைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர். கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் உடையோரும் தம் சொந்த மனையில் அகம் எடுத்திருப்போருமே குடவோலைக்கு உரியர் என்பதே அவ்விதி. நிலமும் மனையும் உடையோரே ஊரார் என்னும் இக்கருத்து ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னரும் வேறொரு வடிவில் நிலவியதை ஊவாவிற் காண்கிறோம்.

5. தோட்ட வாயிலில் நின்ற நிதி

தோட்ட மக்கள் உள்ளூராட்சிக்குப் புறம்பாக வைக்கப்பட்ட வரலாறு நீண்டது. 1937 இற் கிராமச் சபைச் சட்டத்தைத் திருத்த முற்பட்டபோது, தோட்டங்களில் வதியும் இந்தியத் தொழிலாளருக்கு அச்சபைகளில் வாக்குரிமை மறுக்கப்பட்டமை பெரும் விவாதத்தை எழுப்பியது. 1948 இன் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், 1949 இன் தேர்தற் சட்டத் திருத்தமும் அவர்களைப் பாராளுமன்ற வாக்காளர் இடாப்பிலிருந்தும் அகற்றின. 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் உரியோராக்கியது. எஞ்சிய 150,000 பேரை 1974 இன் உடன்படிக்கை சரிபாதியாகப் பிரித்தது. 1988 இன் சட்டமும், ஈற்றில் 2003 இன் 35ஆம் இலக்கச் சட்டமும் நாடற்றோர் நிலையைத் தீர்க்க முற்பட்டன.

பிரசாவுரிமை மீண்டபோது வாக்கும் மீண்டது. பிரதேச சபைகளுக்கு 1991 இல் நடைபெற்ற முதற்றேர்தல் தொடக்கம் தோட்டத் தொழிலாளர் வாக்களித்தனர். அவர்தம் பிரதிநிதிகள் உறுப்பினராயினர். சில இடங்களிற் பதவிகளும் பெற்றனர். ஆயினும் அவர்கள் தம் வட்டாரத்துக்குப் பாதை கேட்டபோது 1987 இன் சட்டம் குறுக்கே நின்றது. தோட்டத்தின் உட்பாதை, லயன்களின் சுற்றுப்புறம், நீரூற்று என்பன தோட்ட உடைமையின் பகுதி. அவை சபையிடம் ஒப்படைக்கப்பட்ட பொதுச்சொத்தல்ல. தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைத் தாராளமாகச் செலவிட அச்சட்டத்தின் 33ஆம் பிரிவு இடமளிக்கவில்லை என்பதே பல்லாண்டு நிலவிய விளக்கமும் நடைமுறையுமாகும். செலவிடத் துணிந்த தவிசாளர் கணக்காய்வின் வினாவுக்கு ஆளாகும் நிலை இருந்தது.

இதன் பொருளை முந்திய பகுதியின் படிகளோடு பொருத்தி நோக்குக. தோட்டப் பாதைக்குப் பாதீட்டில் இடமில்லை; ஆகவே மதிப்பீடு இல்லை; ஆகவே கேள்வி அறிவித்தல் இல்லை. ஊழல் செய்வதற்குக்கூட அங்கே ஒப்பந்தம் இருக்கவில்லை. கிராமத்து மக்கள் கேள்வி முறையாக நடந்ததா என்று வினவினர். தோட்ட மக்களுக்கு அவ்வினாவும் கிட்டவில்லை. சபையின் பெக்கோ இயந்திரம் பிரதான வீதி வழியே தோட்ட வாயில்வரை வரும். வாயிலுக்கு அப்பால் மண்சரிந்த பாதை தோட்ட நிருவாகத்தின் பொறுப்பு என விடப்படும். ஏக்கர் வரியின் கணக்கு மட்டும் வாயிலைக் கடந்து உட்சென்றது.

தோட்ட நிருவாகம் அப்பொறுப்பை ஏற்றதா எனின், அதுவும் காலந்தோறும் மாறியது. வெள்ளைத் துரைமார் காலத்திற் பாதையும் லயனும் உற்பத்திச் செலவின் பகுதிகள். 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களாற் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாகி, மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையிடமும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்திடமும் சென்றன. 1992 முதல் அவற்றின் நிருவாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்கு வந்தது. பின்னர் 53 ஆண்டுக் குத்தகை வழங்கப்பட்டது. நிலம் அரசினது, ஆட்சி கம்பனியினது, குடியிருப்போர் சபையின் வாக்காளர். கொழுந்து லொறி செல்லும் பாதையைப் பேணுவதிற் கம்பனிக்கு நலனுண்டு. பிள்ளைகள் பாடசாலைக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையிலோ, தேயிலை பிடுங்கிவிட்டுக் கைவிடப்பட்ட மலையின் குடியிருப்பிலோ அத்தகைய நலன் இல்லை. இம்மூவர்க்கும் இடையே பொறுப்பு நழுவிப்போவது எளிதாயிற்று.

6. 2018 இன் திருத்தமும் அதன் பின்னுள்ள படிகளும்

நீண்ட கோரிக்கையின் பயனாக, 2018 இன் 30ஆம் இலக்கப் பிரதேச சபைகள் திருத்தச் சட்டம் 33ஆம் பிரிவை மாற்றியது. தோட்டக் குடியிருப்புகளுக்கு வீதி, கிணறு முதலிய பொதுவசதிகளைச் சபை நிதியிலிருந்து அளிக்க அது வழிதிறந்தது. அதே ஆண்டில் 32ஆம் இலக்கச் சட்டத்தாற் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபையும் நிறுவப்பட்டது. இவை வரலாற்று முதன்மையுடையன என்பதில் ஐயமில்லை. எனினும் சட்டத்தின் கதவு திறந்தவுடன் பாதை தானாக அமைந்துவிடாது. நான்கு படிகள் எஞ்சுகின்றன எனலாம்.

முதலாவது நிலம். குத்தகை நிலத்திற் பொதுப்பணம் செலவிடப்படுமுன் அப்பாதை யாருக்குரியது, எத்துணை அகலம், பின்னர் பேணுவோர் யாவர் என்பன எழுத்தில் இருத்தல் வேண்டும். வாய்மொழி இணக்கம் நிருவாகி மாறியவுடன் மறைந்துவிடும். ஆகவே தோட்ட நிருவாகத்தின் எழுத்துமூல இணக்கத்தைக் கேள்வி கோருவதற்கு முன்னரே பெறல் இன்றியமையாதது.

இரண்டாவது மதிப்பீடு. தோட்ட உட்பாதைகள் சபையின் வீதிப் பதிவேட்டில் இராதபடியால், அவற்றின் நீளமும் நிலையும் அளந்தெழுதப்பட்டிருப்பது அரிது. அளவில்லாத பாதைக்கு மதிப்பீடு இல்லை. வட்டாரந்தோறும் பாதை, மதகு, நீர்வழி ஆகியவற்றை அளந்து பட்டியலாக்குவதே முதல் வேலையாகும். இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. ஊரறிந்த இளைஞரும் ஒரு தொழில்நுட்ப அலுவலரும் போதும்.

மூன்றாவது ஒப்பந்தம் பெறுவோர். சிறிய வேலைகளைக் கிராம அபிவிருத்திச் சங்கம் முதலிய சமுதாய அமைப்புகளிடம் ஒப்படைக்கப் பெறுகை ஒழுங்குகள் இடந்தருகின்றன. பதிவும் வங்கிக் கணக்கும் ஒழுங்கான கூட்டக் குறிப்பும் உடைய சங்கங்களே இதற்குத் தகுதி பெறும். கிராமங்களில் இவை பழகிய வழக்கு. தோட்டத்தில் தொழிற்சங்கமும் கோயிற் குழுவும் வலிமை பெற்றிருந்த அளவுக்கு இத்தகைய அமைப்புகள் வேரூன்றவில்லை. ‘கொந்தரப்பு’ என்னும் சொல்லையும் அதன் கணக்கையும் நன்கறிந்த மக்கள், தம் வாசலின் கொந்தரப்பைப் பிறர் எடுப்பதைப் பார்த்திருக்க நேர்ந்தது. சங்கத்தைப் பதிவு செய்வித்தல் சிறு பணியாகத் தோன்றினும், கூலியும் தரக்கட்டுப்பாடும் அவ்விடத்திலேயே தங்குதற்கு அது வழியாகும்.

நான்காவது தெரிவு செய்யப்பட்ட சபையின் இருப்பு. 2018 பெப்புருவரி 10 இல் தெரிவான சபைகளின் நீடிக்கப்பட்ட காலம் 2023 மார்ச்சு 19 இல் முடிவடைந்தது. அதன்பின் ஆணையாளர்களும் செயலாளர்களுமே நிருவாகம் நடத்தினர். தேர்தல் உரிய காலத்தில் நடத்தப்படாமை அடிப்படை உரிமை மீறல் என உயர் நீதிமன்றம் 2024 இல் தீர்ப்பளித்தது. 2025 மே 6 இலேயே தேர்தல் நடைபெற்றது. இவ்விடைக்காலத்தில் இயந்திரங்கள் கழிக்கப்பட்டன, கேள்விகள் கோரப்பட்டன, கணக்குகள் எழுதப்பட்டன. வட்டாரத்தின் சார்பில் எழுந்து வினவத்தக்க உறுப்பினர் மட்டும் இருக்கவில்லை. புதிய உரிமையைப் பயன்படுத்தப் பழகிக்கொள்ள வேண்டிய ஆண்டுகளில் ஒரு பகுதி இவ்வாறு கழிந்தது.

7. பருவமும் சரிவும்

ஊவாவின் பொதுவேலைகளைப் பற்றிப் பேசுங்கால் மழையை விட்டுப் பேசலாகாது. மேற்குச் சரிவுகள் தென்மேற் பருவக்காற்றில் நனையும் சூலை முதற் செத்தெம்பர் வரையான மாதங்களில், ஊவாவில் வறண்ட காற்று வீசும். ஊவாத் தேயிலையின் புகழ்பெற்ற மணம் அக்காலத்துக்குரியது. வீதிவேலைக்கும் அதுவே ஏற்ற காலம். ஒற்றோபர் தொடங்கிச் சனவரிவரை இடைப்பருவ மழையும் வடகீழ்ப் பருவ மழையும் அடுத்தடுத்து வரும்.

சபையின் நிதியாண்டோ சனவரியில் தொடங்குகின்றது. பாதீடு நிறைவேறி, மதிப்பீடு தயாராகி, கேள்வி கோரி, தெரிவு முடிந்து ஒப்பந்தம் கையெழுத்தாவதற்குச் சூன் மாதம் வந்தால் வேலை வறண்ட பருவத்தில் நடைபெறும். மூன்று மாதம் பிந்தினால் அதே பணம், அதே ஒப்பந்தகாரர், அதே சீமெந்து எனினும் வேலை மழையிற் கரையும். ஆண்டு முடியுமுன் பணத்தைச் செலவழித்துக் காட்டும் அவசரத்தில் மார்கழி மழையில் இடப்படும் கொங்கிறீற்று அடுத்த ஆண்டின் குறைபாட்டுப் பட்டியலுக்கே உரியது. மேலும், மலைப்பாதையை அழிப்பது சில்லு அன்று, நீர். வடிகானும் மதகும் இல்லாப் பாதை மாரியில் ஓடையாகிவிடும். குறைந்த விலைக்காக வடிகானைக் குறைத்த கேள்வியை ஏற்றலின் விலை சில சமயம் பாதையோடு நில்லாது, கீழேயுள்ள லயனையும் சேரும்.

2014 ஒற்றோபர் 29 இல் கொஸ்லாந்தைக்கு அண்மையில் மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு லயன் வரிசைகளை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. குடியிருப்போரை மாற்றும் பொறுப்பு யாருடையது என்பது தெளிவுபடாதிருந்தமை அப்பேரிடரின் பாடங்களுள் ஒன்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாட்டைத் தாக்கியபோது மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுட் பதுளையும் ஒன்று. இடர்க்காலத்தில் வழமையான கேள்விமுறையைச் சுருக்கி அவசரப் பெறுகை செய்ய ஒழுங்குகள் இடந்தருகின்றன. ஆயின் ஓடும் நிலையில் இயந்திரம் இருந்தாலன்றி அவ்வனுமதியாற் பயனில்லை. வேலைத்தலத்தில் திருத்தப்படாது கிடக்கும் பெக்கோ இயந்திரத்தைப் பற்றிய முடிவு, சாதாரண நாளில் ஒரு கணக்குப் பிரச்சினை. மண் சரியும் இரவில் உயிர்ப் பிரச்சினை.

8. முடிவுரை

மேற்கூறியவற்றால் நாம் பெறும் முடிபு பின்வருமாறு. மிகைப் பொருளைக் கழித்தலும் கேள்வி கோரலும் வெறும் அலுவலக நடைமுறைகள் அல்ல. ‘பொதுமக்கள்’ என்னும் சொல்லின் எல்லை அவற்றில் வரையப்படுகின்றது. உத்தரமேரூரில் நிலமும் மனையும் அவ்வெல்லையை வரைந்தன. ஊவாவிற் பிரசாவுரிமைச் சட்டமும், அது தளர்ந்தபின் 33ஆம் பிரிவும் வரைந்தன. 2018 இன் திருத்தம் எழுத்திலிருந்த எல்லையை அகற்றிவிட்டது. எஞ்சியிருப்பது பதிவேட்டிலும் பாதீட்டிலும் அளவீட்டுப் புத்தகத்திலும் உள்ள எல்லை. அதனை அகற்றப் புதிய சட்டம் வேண்டியதில்லை. உள்ள நடைமுறையை அறிந்தோர் வேண்டும்.

பிரேசில் நாட்டின் போர்த்தோ அலெக்ரி நகரில் 1989 முதல் குடிமக்கள் வட்டாரந்தோறும் கூடி நகரப் பாதீட்டின் ஒரு பகுதியை வகுத்த முயற்சி உலகின் கவனத்தை ஈர்த்தது. கழிவுநீரும் பாதையும் இல்லாத ஏழைக் குடியிருப்புகளே அதனாற் பெரிதும் பயன்பெற்றன. அத்தகைய ஏற்பாடு ஒன்றை ஊவாவில் எதிர்பார்த்துக் காத்திருத்தல் வேண்டா. தன் வட்டாரத்துப் பாதைகளின் அளவுப் பட்டியல், தோட்ட நிருவாகத்தின் இணக்கக் கடிதம், பதிவு பெற்ற சங்கம் ஒன்று, பொருட் கணக்கெடுப்பு அறிக்கையின் ஒரு படி ஆகிய நான்கையும் கையில் வைத்துக்கொண்டு, வரவுசெலவுத் திட்டம் ஆராயப்படும் கார்த்திகை மாதத்திற் சபைக்குச் செல்லும் உறுப்பினர் ஒருவர் போதும். பல்கலைக்கழகத்திற் பயிலும் மலையக மாணவர் தம் விடுமுறையில் இப்பட்டியலைத் தயாரிக்க உதவுவராயின், ஆய்வும் தொண்டும் ஓரிடத்தில் இணையும்.

எமது வழக்கில் ‘கேள்வி’ என்னும் ஒரே சொல் வினாவையும் ஒப்பந்தப்புள்ளியையும் குறிக்கின்றது. தோட்டத்தில் வாழும் குடிமகன் முன்னதைக் கேட்கும் தகுதியை வாக்கோடு பெற்றான். பின்னது அவனுடைய பாதைக்கும் கோரப்படுங்காலத்திலேயே அத்தகுதி நிறைவெய்தும்.